நிலையில் நிற்கும் தேரின் அச்சும் பிரேக்கும்

சிதம்பரம் நடராஜர் கோயிலின் ஐந்து தேர்களும் ஆண்டில் இரண்டே நாட்கள்தான் ஓடுகின்றன. ஆனித் திருமஞ்சனத்தை ஒட்டி ஒரு நாள், மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரு நாள். உற்சவத்தின் ஒன்பதாம் நாள் காலையில் விநாயகர், சுப்பிரமணியர், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் எனத் தனித்தனித் தேர்கள் கீழவீதியிலிருந்து புறப்பட்டு, தெற்கு, மேல, வடக்கு வீதிகளைச் சுற்றி நிலைக்கு வருகின்றன. மற்ற ஊர்களில் உற்சவர் தேரேற, இங்கே மூலவரான நடராஜரே தேருக்கு வருகிறார் என்பதால் நான்கு வீதிகளும் கூட்டத்தில் திணறும். அந்த இரண்டு நாள் போக, ஆண்டு முழுவதும் தேர்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

ஓடாத வண்டிக்குப் பழுது வராது என்று தோன்றும். தேர் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. தினமும் ஓடும் பேருந்தின் அச்சில் ஒரு முனகல் கேட்டால், ஓட்டுநர் அன்றிரவே டிப்போவில் சொல்லிவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடும் தேரில் அந்த முனகல் முதன்முதலாகக் கேட்கும் நாளும், ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கும் நாளும் ஒன்றே. பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்பதும் கூட்டத்தின் நடுவில்தான் தெரியவரும். மெதுவாகப் போகும், அரிதாகப் போகும் வண்டிகளை யார், எப்போது, எப்படிச் சோதிக்கிறார்கள் என்ற கேள்வி தமிழ்நாட்டில் உரக்கக் கேட்கப்பட்டது 2022-ல்.

அந்த ஆண்டு ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் நாகப்பட்டினம் மாவட்டம் திருச்செங்காட்டங்குடியில் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் சக்கரத்தில் சிக்கி இறந்தார். ஜூன் மாதம் தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் காளியம்மன் கோயில் தேர் சாய்ந்து இருவர் உயிரிழந்தார்கள். ஜூலை 31 அன்று புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயில் தேர் கவிழ்ந்து பலர் காயமடைந்தார்கள். களிமேட்டில் எமனாக வந்தது மின்சாரம். மற்ற மூன்றும் சக்கரமும் கட்டையும் சமநிலையும் சேர்ந்த விஷயம். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் பெரும்பாலான ஊர்களில் தேர் வழக்கம்போல் ஓடவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நின்ற காலம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், நீண்ட நாள் நின்ற வண்டிகளை நேரே கூட்டத்துக்குள் இழுத்துவந்த ஆண்டு அது.

அச்சைப் பற்றிய கவலை தமிழருக்கு நேற்று வந்ததில்லை. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர்களான உமணர் தங்கள் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதைச் சொல்கிறார். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுவது அவர் நோக்கம். ஆனால் வண்டி முறிவதற்கான காரணங்களை அவர் அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஒரு பொறியாளர் மலைத்துப்போவார்: நுகத்துக்குப் பழகாத எருது, மிகுதியாக ஏற்றிய பாரம், மேடு பள்ளம் தெரியாத வழி. இன்றைய தேர் விபத்துகள் பலவற்றில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

சிதம்பரம் இருக்கும் கடலூர் மாவட்டத்துக்குத் தேர் அச்சோடு இன்னொரு தொடர்பும் உண்டு. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை, சிவன் திரிபுரம் எரித்ததாகச் சொல்லப்படும் வீரட்டத் தலம். அந்தப் போருக்குப் புறப்பட்ட தேரின் அச்சு முறிந்த இடம் செங்கல்பட்டு மாவட்டத்து அச்சிறுப்பாக்கம் என்கிறது தல புராணம். விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் முறிந்ததாம். ஐந்து தேர் ஓடும் ஊர்களில் விநாயகர் தேர் முன்னே போவதில் பக்தியோடு ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. சிறிய தேர் முதலில் போவதால், வீதியில் எங்கே பள்ளம், எங்கே புதிதாகத் தோண்டி மூடிய குழி என்பது பெரிய தேர் வருமுன்னே தெரிந்துவிடுகிறது. சிதம்பரத்தைத் தவிர விருத்தாசலத்திலும் மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் வைகாசியிலும் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் சித்திரையிலும் தேரோட்டம் நடக்கிறது. ஒரே மாவட்டத்தில் ஆண்டு முழுக்க எங்கேயாவது ஒரு தேர் ஓடத் தயாராகிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லலாம்.

பழைய தேரின் அச்சு மரத்தால் ஆனது. இலுப்பை மரம் தேர் வேலைக்கு வாகானது. கெட்டி, எண்ணெய்ப் பசை உள்ளது, எளிதில் பிளக்காது. மர அச்சில் மரச் சக்கரம் உராய்ந்து சுழலும். அந்த உராய்வுதான் தேரின் முதல் பிரேக். வடத்தை விட்டால் தேர் தானே நின்றுவிடும். நின்ற தேரை மறுபடி கிளப்புவதுதான் பெரும்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் நிலைக்கு வரப் பல நாட்கள் ஆன கதையை அங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகு அது ஒரே நாளில் நிலைக்கு வருகிறது.

இந்த மாற்றத்தின் முன்னோடி திருவாரூர் ஆழித்தேர். 1926-ல் தீயில் எரிந்து, 1930-ல் புதிதாகச் செய்யப்பட்டு, 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்ற தேர் அது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனம், மக்கள் வழக்கில் ‘பெல்’, இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுக்க, 1970-ல் மறுபடி ஓடியது. கொதிகலன் செய்யும் ஆலை தேருக்கு அச்சு செய்து கொடுத்தது தமிழ்நாட்டுப் பொறியியல் வரலாற்றில் பெருமையோடு சொல்ல வேண்டிய விஷயம். அதன்பின் மாநிலத்தின் பல பெரிய தேர்கள் இரும்பு அச்சுக்கு மாறின.

ஆனால் இரும்பு அச்சு வந்ததும் பழைய உராய்வு போய்விட்டது. சுலபமாகக் கிளம்பும் தேர் சுலபமாக நிற்காது. அலங்கரித்த ஆழித்தேரின் எடை சுமார் 300 டன், உயரம் 96 அடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அது நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது ஓர் ஆள் நடக்கும் வேகத்தில் போனால், அதில் தேங்கியிருக்கும் இயக்க ஆற்றல் 1,50,000 ஜூல். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 57 கிலோமீட்டரில் போகும்போது இருப்பதும் அதே ஆற்றல்தான். வீதி நூறடிக்கு ஓரடி சரிந்திருந்தால் போதும். தேரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை மூன்று டன் எடைக்குச் சமமாகிவிடும். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் வீதியில் அந்தச் சரிவு இருப்பதே தெரியாது. சிதம்பரம் தேர்கள் இந்த அளவுக்குப் பெரியவை இல்லை. எடை குறைந்தால் விசையும் குறையும், கணக்கு மாறாது.

அதோடு, பிரேக்கைச் சட்டென்று பிடித்தும் விட முடியாது. கீழே கனமான மரச் சிற்பத் தளம், மேலே மூங்கிலும் துணியும் கட்டிய உயரமான கூடு. கீழ்ப்பகுதி நின்றாலும் மேற்பகுதி முன்னால் ஆடும். எனவே தேர் பிரேக்குக்கு இரண்டு தேர்வு உண்டு: பிடிக்க வேண்டும், மெல்லப் பிடிக்க வேண்டும். இரண்டாவதைச் சோதிப்பவர்கள் குறைவு.

ஹைட்ராலிக் பிரேக் வந்தும் முட்டுக்கட்டை போகவில்லை. தென்மாவட்டங்களில் இதைச் சறுக்குக்கட்டை என்கிறார்கள். தேரைத் திருப்புவதற்கு ஸ்டீயரிங் கிடையாது, கட்டைதான் ஸ்டீயரிங். ஒரு முனை ஆப்பு போலச் சரிந்த, கைப்பிடி வைத்த கனத்த கட்டையை ஏந்தியபடி, ஒருவர் முன்சக்கரத்துக்கு ஓரடி தூரத்தில், முகம் தேரைப் பார்த்திருக்கப் பின்னோக்கி நடப்பார். பார்வை சக்கரத்தின் விளிம்பும் தரையும் சந்திக்கும் இடத்திலேயே இருக்கும். மேலே தட்டிலிருந்து சைகை வந்ததும் கட்டையை அந்த இடுக்கில் செருகுவார். ஒரு பக்கச் சக்கரம் கட்டையில் ஏறித் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் ஒரு விரற்கடை திரும்பும். உடனே கட்டையை உருவ வேண்டும். தேங்காய் உடைத்த தண்ணீர், மிதிபட்ட பூ, வாழைப்பழத் தோல் கிடக்கும் தரையில், முதுகுக்குப் பின்னால் வடம் இழுக்கும் கூட்டம் நெருக்க, நாள் முழுக்க இதையே செய்ய வேண்டும். திருவாரூரில் முனைத் திருப்பங்களில் சக்கரத்துக்கு அடியில் மசகு தடவிய இரும்புத் தகடுகளைப் போட்டுத் தேரை வழுக்கித் திருப்புவார்கள். பின்னாலிருந்து புல்டோசர் தள்ளும். எல்லா ஊர்களுக்கும் அந்த வசதி இல்லை. தேரோட்டத்தில் மிக ஆபத்தான வேலை இந்தக் கட்டைக்காரருடையது. ஹைட்ராலிக் பிரேக் நன்றாக இருந்தால் முதலில் காப்பாற்றப்படுபவரும் அவர்தான்.

ஓடும் நாளைவிட நிற்கும் மாதங்களில்தான் அச்சும் பிரேக்கும் கெடுகின்றன. சிதம்பரமும் கடலூரும் கடலோரத்தில் இருப்பதால் உப்புக் காற்று ஓயாது. ஆனித் தேர் வெயிலின் உச்சத்தில் ஓடுகிறது. மரம் காய்ந்து சுருங்கி, மரச் சக்கரத்தின் மேல் இறுக்கிய இரும்புப் பட்டை நெகிழும் காலம் அது. மார்கழித் தேர் வடகிழக்குப் பருவமழையின் வாலில் ஓடுகிறது. மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும், இரும்பில் துரு பூத்திருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்ததும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். ஆக, ஒரே தேர் இரண்டு எதிரெதிர் பருவங்களுக்குத் தயாராக வேண்டியிருக்கிறது. ஆனிக்குச் சரிபார்த்த இறுக்கம் மார்கழிக்குப் பொருந்தும் என்று நம்பக் கூடாது.

நின்ற வண்டியின் தாங்கிகளில் மசகு மெல்ல அடியில் இறங்கிவிடும். மேற்பாதி உலர்ந்து, இரவுப் பனி அதில் படிந்து துருவாகும். பாரம் முழுக்கச் சக்கரத்தின் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுத்தும். மரச் சக்கரமானால் அந்த இடம் தட்டையாகும். ஹைட்ராலிக் பிரேக்கில் ரப்பர் வளையங்கள் காய்ந்து கெட்டிப்படும். வாகனங்களுக்கு ஊற்றும் பிரேக் எண்ணெயில் பெரும்பாலானவை காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளக்கும். பெடலையோ நெம்புகோலையோ அழுத்தினால்தான் உள்ளே எண்ணெய் கசிவது தெரியும்.

அச்சின் விரிசல் இன்னும் தந்திரமானது. 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பலர் தீயில் மாண்டார்கள். இரும்பு ஒரே அடியில் முறிவதில்லை, திரும்பத் திரும்ப வளைந்து சோர்ந்து முறிகிறது என்று பொறியாளர்கள் தீவிரமாக ஆராயத் தொடங்கியது அந்த விபத்துக்குப் பிறகுதான். சோர்வு விரிசல் பெரும்பாலும் அச்சு தடிமன் மாறும் தோள்பட்டையில், அல்லது துரு குழிபறித்த இடத்தில் தொடங்கும். தேர் ஆண்டுக்குச் சில கிலோமீட்டர்தான் ஓடுகிறது, சோர்வு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். சுற்றுகள் குறைவு, உண்மை. ஆனால் பள்ளத்தில் இறங்கும்போதும் கட்டையில் ஏறும்போதும் ஒரு சக்கரமே பாதித் தேரைத் தாங்குகிறது. அந்த ஓர் அடியும் கடலோரத் துருவும் சேர்ந்தால் போதும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழிகள் எளியவை. சுத்தியலால் அச்சைத் தட்டிக் கேட்பது பழைய ரயில்வே முறை. நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். துருவைச் சுரண்டிச் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு தெளித்தால் விரிசலுக்குள் போன சாயம் கோடாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். உள்விரிசலுக்கு மீயொலிச் சோதனை. ரயில்வேயும் கொதிகலன் ஆலைகளும் அன்றாடம் செய்கிற சோதனைகள் இவை. திருச்சி தூரமில்லை, அனல்மின் நிலையங்கள் உள்ள நெய்வேலி இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆளும் கருவியும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உலகில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர்களும் இருக்கிறார்கள். பூரியில் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரின் தேர்களும் ஒவ்வோர் ஆண்டும் புதிய மரத்தில் செய்யப்படுகின்றன. 16, 14, 12 என மொத்தம் 42 சக்கரங்கள், அவ்வளவும் புதிது. அச்சின் வயது ஒருபோதும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. ஜப்பானில் ஒசாகாவை ஒட்டிய கிஷிவாடாவில் தஞ்சிரி என்னும் மரத்தேர்களை ஓட்டமாக இழுத்து முனை திரும்புகிறார்கள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நெம்புகோல் ஏந்திய இருவர் அதை அழுத்தித்தான் வேகத்தைக் குறைத்துத் திருப்புகிறார்கள். நம் முட்டுக்கட்டைக்கு அது தூரத்து உறவு. அந்த நெம்புகோலுக்குப் பயிற்சி பெறாமல் யாரும் கை வைப்பதில்லை. தமிழ்நாட்டுத் தேர் பூரித் தேரைப்போல் ஆண்டுதோறும் புதிதாவதில்லை. சிற்பத் தளம் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. அப்படியானால் சோதனைதான் ஒரே வழி.

கோயிலுக்குள்ளேயே இப்போது இன்னொரு மெல்லோட்ட வண்டியும் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் முதியவர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி கார், வண்டலூர் உயிரியல் பூங்காவில் சுற்றிக்காட்டும் பேட்டரி கார், பெரிய ரயில் நிலையங்களின் நடைமேடையில் மணியடித்துப் போகும் பேட்டரி கார் எல்லாமே கோல்ஃப் மைதானத்து வண்டியின் வாரிசுகள். தேரில் இருக்கும் சிக்கல் இங்கே சின்ன வடிவில் இருக்கிறது. பல வண்டிகளில் பின்சக்கரத்துக்கு மட்டும் டிரம் பிரேக். பெடலிலிருந்து இரண்டு கம்பிகள் பின்னால் போய் இரு பக்க லைனர்களையும் விரிக்கும். ஒரு கம்பி மட்டும் நீண்டுவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இங்கே அச்சும் பிரேக்கும் ஒன்றுக்கொன்று பகையாளி ஆவதும் உண்டு: பின் அச்சின் ஆயில் சீல் தேய்ந்தால் கியர் எண்ணெய் கசிந்து டிரம்முக்குள் போய் லைனரை நனைக்கும். மெக்கானிக் பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பிரேக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், குற்றவாளி அச்சில் இருப்பான்.

இதற்கான சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். ஆள் ஏற்றிய வண்டியைச் சரிவில் நிறுத்திப் பார்க்கிங் பிரேக் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்து, நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமில்லாத சமதளத்தில் ஒரு கோடு போட்டு, முழு வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடித்து, நின்ற தூரத்தை ஏட்டில் எழுத வேண்டும். போன மாதத்தைவிடக் கூடினால் டிரம்மைத் திறக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தாங்கியின் தேய்மானம் கையில் தெரியும். பேட்டரியிலிருந்து தெறிக்கும் அமிலம் அடிச்சட்டத்தையும் கம்பியின் உறையையும் அரிப்பதால், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் நாளிலேயே அதையும் பார்த்துவிடலாம்.

ஆனால் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துபவர் யார்? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, தொழிற்சாலையிலோ மற்ற சுற்றடைத்த வளாகத்திலோ மட்டும் ஓடத் தக்க தனிவகை வண்டியை மோட்டார் வாகனம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. எஃப்.சி. எடுக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் இல்லாத வண்டி அது. தேரோ சாலையில்தான் ஓடுகிறது, ஆனால் அதற்கு மோட்டார் கிடையாது. இரண்டுமே சட்டத்தின் இடைவெளியில் நிற்கின்றன. தேருக்கு அந்த இடைவெளியை நிரப்புவது பொதுப்பணித்துறை தரும் உறுதிச் சான்று. விழாவுக்கு முன் கோட்டாட்சியர் கூட்டங்களில் கேட்கப்படுவது அந்தச் சான்றுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் நின்ற தேரைப் பார்த்துத் தருகிற சான்று, ஓடும் தேரைப் பற்றி எவ்வளவு சொல்லும்? கிராமங்களில் டிராக்டர் டிரெய்லரின் அடிச்சட்டத்தில் கட்டுகிற சப்பரங்களுக்கோ அதுகூட வாய்ப்பதில்லை.

தேருக்கு ஓட்டிப்பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதுத் தேர் செய்தாலும் பழைய தேரைப் புதுப்பித்தாலும் சுவாமி ஏறுமுன் வெள்ளோட்டம் விடுவார்கள். அந்த வெள்ளோட்டத்தை ஒவ்வொரு தேரோட்டத்துக்கும் முன்னால் சிறிய அளவில் நடத்த வேண்டும் என்பதே இங்கே வலியுறுத்த வேண்டியது. நான்கு வீதியும் சுற்ற வேண்டாம். கூட்டமில்லாத காலையில், நிலையிலிருந்து ஐம்பதடி போய், பிரேக் பிடித்து, தேர் நின்ற தூரத்தை அளந்து, திரும்ப வந்தால் போதும். பிரேக்கைப் பூட்டிவிட்டு, எடை காட்டும் கருவி கோத்த கம்பியால் டிராக்டரில் இழுத்து, எத்தனை டன்னுக்கு அது விட்டுக்கொடுக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். கட்டை போடுபவர்களுக்கும் அன்றுதான் ஒத்திகை. சைகை கொடுப்பவர் யார், அவர் ஒருவர் சைகையை மட்டும் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதே பழகிவிடும். அவர்களுக்குக் காப்பீடும், வழுக்காத காலணியும், வடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே வேறு யாரையும் விடாத கயிற்று வேலியும் தருவது செலவு என்றே சொல்ல முடியாத செலவு.

சிதம்பரத்தின் நாட்காட்டி இதற்கு வசதியாகவே இருக்கிறது. ஆனித் தேர் நிலைக்கு வந்த வாரத்திலேயே ஜாக்கி வைத்துச் சக்கரத்தின் பாரத்தை இறக்கி, தாங்கிகளைத் திறந்து பழைய மசகை வழித்துப் பார்க்கலாம். அதில் இரும்புத் தூள் மின்னினால் காரணம் தேட இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அச்சின் தோள்பட்டைச் சோதனையை ஆடி, ஆவணியில் முடித்துவிடலாம். ஐப்பசியில் மழை தொடங்குமுன் புது மசகு அடைத்து மூடிவிட வேண்டும். கார்த்திகைக் கடைசியில் பிரேக் எண்ணெயை மாற்றி, மார்கழிக் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்த ஐம்பதடி வெள்ளோட்டம். நின்ற தூரம் எத்தனை அடி என்பதைக் கீழவீதித் தேரடியில் ஒரு பலகையில் எழுதி வைத்தால், தேரன்று வடம் பிடிக்க வருகிறவர்கள் படித்துக்கொள்வார்கள்.